ஐந்தாவது யன்னல்

இதை எழுத வேண்டும் என்று நினைத்தே பல வருடங்கள் போய்விட்டன. கொப்பியை எடுப்பேன், சிலுவை அடையாளம் போடுவேன், ஒரு வரி எழுதுவேன், மூடி வைத்துவிடுவேன். எழுத்து எனக்குப் பழக்கமில்லை என்பது ஒரு காரணம். சாதாரண தரப் பரீட்சை வரை படித்தவள் நான். சின்னப் பிள்ளைகளுக்கு அ, ஆ எழுதிக் காட்டிய கை இது. ஆனால் பெரிய காரணம் அதுவல்ல. திரேசக்கா உயிரோடு இருந்தார். கோயிலில் எனக்கு முன் வாங்குப் பலகையில்தான் அவர் முழந்தாளிடுவார். அவருடைய காரியத்தை அவர் இருக்கும்போதே கடதாசியில் வைக்க எனக்கு மனம் வரவில்லை.

போன தவக்காலத்தில் அவரைச் சேமக்காலையில் அடக்கம் செய்தோம். மண் போட்டுவிட்டுத் திரும்பும்போது ஒரு பெண் என் கையைப் பிடித்தாள். முக்காட்டுக்குள் இருந்த முகத்தை எனக்கு உடனே மட்டுக்கட்ட முடியவில்லை.

"ரீச்சர், என்னைத் தெரியல்லையா? பரீதா. கடைக்கார நானாட மகள்."

முதலாம் வகுப்பில் என்னிடம் படித்த பிள்ளை. இப்போது சிலாவத்துறையில் இருக்கிறாள். மூத்த மகளுக்குக் கலியாணம் பேசுகிறார்களாம். திரேசக்காவின் செய்தி கேட்டு பஸ் ஏறி வந்திருக்கிறாள்.

"ரீச்சர், போனில ஒரு கதை சுத்துது. கடலில மௌத்தான பொடியன் ஒருத்தன்ட பேரைப் பள்ளிக்கூடத்தில கூப்பிட, கடலுக்குள்ள இருந்து 'வந்தனான்' எண்டு சத்தம் வந்ததாம். உங்கட பள்ளிக்கூடம் எண்டு போட்டிருக்கு. அது எங்கட யூட்டா?"

"யூட்தான் பிள்ளை. ஆனா சத்தம் கடலுக்குள்ள இருந்து வரேல்ல."

"அப்ப எங்க இருந்து? என்ட பக்கத்தில இருந்தவன் ரீச்சர். எனக்காவது உள்ளதைச் சொல்லுங்க."

சேமக்காலை மதிலோரம் நின்றபடியே அவளுக்குச் சொன்னேன். அதைத்தான் இங்கே எழுதுகிறேன். ஒரு புதுமை, ஒரு அற்புதம் நடந்தால் ஊரில் முதல் ஆளாக முழந்தாளிடுகிறவள் நான். நடக்காததை நடந்தது என்று சொல்லி மெழுகுதிரி கொளுத்துவது மட்டும் எனக்குச் சரியாகப் படவில்லை.

எங்கள் பங்குப் பள்ளிக்கூடம் கோயிலுக்கும் கடலுக்கும் நடுவில் நிற்கிறது. வெளிநாட்டுச் சாமியார் ஒருவர் ஓலைக் கொட்டிலில் தொடங்கியது என்பார்கள். கரைவலை இழுக்கிறவர்களின் பிள்ளைகளுக்குச் செபம் சொல்லிக் கொடுத்தார். செபப் புத்தகம் வாசிக்க எழுத்து வேண்டும் என்று எழுத்துப் படிப்பித்தார். எழுத்துக்குப் பின்னால் கணக்கும் வந்தது. பிறகு அரசாங்கம் பொறுப்பெடுத்தது, ஆனால் பெயர்ப்பலகையில் புனிதர் பெயர் மாறவில்லை. நீட்டு மண்டபம் ஒன்று. தட்டி வைத்துப் பிரித்த ஐந்து வகுப்பு. வகுப்புக்கு ஒரு யன்னல், எல்லாம் கடல் பக்கம். ஐந்தாம் வகுப்போடு எங்கள் பள்ளிக்கூடம் முடிந்துவிடும். மேலே படிக்கிற பிள்ளைகள் பட்டினத்துக்குப் போகவேண்டும்.

அந்தச் சாமியார் விட்டுப் போன வழக்கம் ஒன்று இருந்தது. காற்றுப் பெயர்ந்ததும் எங்கள் சனம் வீட்டைப் பூட்டிக்கொண்டு மறு கரையில் வாடி போடப் போகும். வாடி என்றால் தொழில் நடக்கிற மாதங்களுக்கு மட்டும் கடற்கரையில் அடிக்கிற கொட்டில். பிள்ளைகளும் கூடப் போய்விடும். மற்ற இடங்களில் அப்படிப் போன பிள்ளையின் இடத்தில் வேறு பிள்ளையை இருத்திவிடுவார்கள். திரும்பி வருகிற பிள்ளை வெட்கப்பட்டு வாசலோடு நின்றுவிடும், பிறகு கடலுக்குத்தான் போகும். எங்கள் பள்ளிக்கூடத்தில் அப்படி இல்லை. காலையில் பெயர் கூப்பிட, வந்த பிள்ளை "வந்தனான்" என்று சொல்லும். வராத பிள்ளையின் பெயருக்கு மற்றப் பிள்ளைகள் எல்லாரும் சேர்ந்து "வருவான்" அல்லது "வருவாள்" என்று சொல்லவேண்டும். பெயர் கூப்பிடுகிற நேரத்தில் "இல்லை" என்ற சொல் யார் வாயிலும் வரக்கூடாது. வாங்கில் அந்தப் பிள்ளையின் இடமும் ஆள் இல்லாமல் கிடக்கும்.

பிள்ளைகளுக்கு அது ஒரு விளையாட்டு. "வருவான் ரீச்சர், களிசான் இன்னும் காயேல்ல!" என்று எவனாவது பின்னுக்கிருந்து சொல்லுவான், வகுப்பே சிரிக்கும். ஒரு நாள் நான் ஒரு பெயரைக் கூப்பிட, யன்னலுக்குள் தலையை நீட்டிக்கொண்டு நின்ற கழுதை கத்தியது. "வந்திட்டான் ரீச்சர்!" என்றாள் ஒருத்தி. அன்று முழுக்கப் பாடம் நடக்கவில்லை.

என்னை வேலைக்கு எடுத்தவர் பள்ளிக்கூட அதிபர் சிஸ்டர் அமலோற்பவம். தொண்டர் ஆசிரியராக வரச் சொல்லி ஆள் அனுப்பியிருந்தார். போய் நின்றேன். என்ன படித்தாய் என்று அவர் கேட்கவில்லை. சுவரில் இருந்த பெயர்களைக் காட்டி, கூப்பிடு என்றார். கூப்பிட்டேன்.

"நல்ல சத்தம். மீன் கூவி வித்தனியோ?"

"ஓம் சிஸ்டர். அம்மாவோட."

"அதுதான். இஞ்ச பார், பிள்ளையின்ர பேரை அப்பிடிக் கூவாத. எங்கட பிள்ளைக்கு ஞானஸ்நானத்தில வைச்ச பேர். நானாவின்ர பிள்ளைக்கு அவையின்ர முறையில வைச்ச பேர். ரெண்டும் ஆண்டவருக்கு முன்னால வைச்சது. கூப்பிட முன்னம் பிள்ளையின்ர முகத்தைப் பார். பிள்ளை வரேல்ல எண்டா, அது இருக்கிற இடத்தைப் பார். பார்த்துப் போட்டுக் கூப்பிடு. மறுமொழி வருமட்டும் அடுத்த பேருக்குப் போகாத."

பிறகு எனக்குப் பயிற்சியும் நடந்தது, நியமனமும் கிடைத்தது. என்னென்னவோ படிப்பித்தார்கள். ஆனால் வேலையில் இருந்து இளைப்பாறும் வரை நான் கையில் வைத்திருந்தது அன்று வாசலில் நின்று படித்ததைத்தான்.

சிஸ்டருக்குக் கடுமையும் உண்டு, பகிடியும் உண்டு. காலையில் செபம் முடிந்ததும் வகுப்பு வகுப்பாக வரிசையில் நிற்க வைத்து ஒவ்வொரு பிள்ளையின் காதையும் திருப்பிப் பார்ப்பார். "உதென்ன காதுக்குள்ள, கணவாய் மையோ?" என்பார். அகப்பட்ட பிள்ளை கிணற்றடிக்கு ஓடும். அவர் காது பார்க்காத நாளே இல்லை. ஒரே ஒரு நாளைத் தவிர. அதற்கு வருகிறேன்.

சண்டை திரும்பவும் தொடங்கிய வருடம். யூட் முதலாம் வகுப்பில் இருந்தான். சந்தியோகு அண்ணனுக்கும் திரேசக்காவுக்கும் ஒரே பிள்ளை. எந்த நேரமும் மூக்கை உறிஞ்சிக்கொண்டிருப்பான். பக்கத்தில் இருந்த பரீதாவின் பின்னலை இழுப்பான். பெயர் கூப்பிட்டால் "வந்தனா...ன்" என்று கோயிலில் சாமியார் பாடுகிற மாதிரி இழுத்துச் சொல்லுவான். அதட்டவும் முடியாது, சிரிக்காமல் இருக்கவும் முடியாது.

அந்த நாட்களில் சனம் படகேறி இந்தியாவுக்குப் போய்க்கொண்டிருந்தது. ஒரு வெள்ளிக்கிழமை யூட் பள்ளிக்கூடம் வந்தான். திங்கட்கிழமை காலையில் ஊரெல்லாம் ஒரே அழுகை. யூட்டின் குடும்பம் போன படகு மணல் திட்டில் தட்டிக் கவிழ்ந்துவிட்டது. தாயையும் தகப்பனையும் எங்கள் ஊர்த் தொழிலாளர் தூக்கிக் கரை சேர்த்தார்கள். யூட் அகப்படவில்லை. இன்னொரு படகு சிலரைத் தூக்கிக்கொண்டு அங்கால் கரைக்குப் போனது, அதில் பிள்ளைகளும் இருந்தார்களாம் என்று யாரோ சொன்னார்கள். இருந்தார்கள் என்று இல்லை, இருந்தார்களாம். அந்தச் சொல்லைத்தான் திரேசக்கா பிடித்துக்கொண்டார்.

சில நாள் கழித்துப் பள்ளிக்கூடம் திறந்தோம். பெயர் கூப்பிட்டுக்கொண்டு வந்தேன். யூட்டின் இடத்தைப் பார்த்தேன். அடுத்த பெயருக்குப் போய்விட்டேன்.

"ரீச்சர், யூட்டை விட்டிட்டியள்!" என்று பரீதா எழும்பினாள்.

"ஓம் ரீச்சர், விட்டிட்டியள், விட்டிட்டியள்!" என்று மற்றப் பிள்ளைகளும் தொடங்கிவிட்டார்கள். ஆறு வயதுப் பிள்ளைகள். அவர்களுக்கு நான் பிழை விட்டது மட்டும்தான் தெரிந்தது.

கூப்பிட்டேன். "யூட்."

"வருவான்!" என்று எல்லாரும் சேர்ந்து கத்தினார்கள்.

அப்போதுதான் யன்னலைப் பார்த்தேன். திரேசக்கா நின்றார். நான் எழும்பி ஓடினேன்.

"செருப்பை இஞ்ச வாசலில விட்டிட்டுப் போனானோ எண்டு பார்க்க வந்தனான் ரீச்சர்," என்றார். பிறகு என்னை விட்டுப் பிள்ளைகளைப் பார்த்தார். "இப்ப என்ன சொன்னவையள்?"

அவரே மெதுவாகத் தனக்குச் சொல்லிப் பார்த்தார். "வருவான்."

அடுத்த நாள் காலையிலும் வந்து அதே யன்னலில் நின்றார். அதற்கு அடுத்த நாளும். பெயர் கூப்பிட்டு முடியும் வரை நிற்பார், அந்த ஒரு சொல்லைக் கேட்பார், போய்விடுவார். அவருக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று சிலர் சொன்னார்கள். அது பொய். பள்ளிக்கூடம் பூட்டியிருந்த நாட்களில் அவர் வரவில்லை. வீட்டில் சமைத்தார், கருவாடு காய வைத்தார். ஆனால் பிள்ளைக்காக இறந்தோர் பூசை வைக்க விடவில்லை. கார்த்திகையில் ஊரே ஆத்துமாக்களுக்கு மெழுகுதிரி கொளுத்த, அவர் சேமக்காலைப் பக்கம் தலை காட்டவே இல்லை.

சந்தியோகு அண்ணன் ஒரு நாள் சிஸ்டரிடம் வந்தார். நான் பக்கத்தில் நின்றேன். தொப்பியைக் கையில் கசக்கிக்கொண்டு, கதிரை கொடுத்தும் இருக்காமல் நின்றார்.

"சிஸ்டர், பிள்ளையின்ர பேரை வெட்டிவிடுங்கோ."

"பேர் எழுதுற இடாப்பில வெட்டியாச்சு சந்தியோகு. அது கல்விக் கந்தோர்ச் சட்டம். கூப்பிடுறது வாயால."

"அதைத்தான் நிப்பாட்டச் சொல்லுறன். அவள் ஒவ்வொரு நாளும் வந்து நிக்கிறாள். அங்கால அகதி முகாம் எல்லாம் ஆள் விட்டு விசாரிச்சாச்சு. அவன் இல்லை சிஸ்டர். என்ர பிள்ளைக்கு ஒரு பூசை வைக்க ஏலாமல் கிடக்கு. நான் தகப்பன் எல்லே."

சிஸ்டர் சொன்னார்: "நான் இண்டைக்கு நிப்பாட்டினால், நாளைக்கு அவ வந்து நிக்க, நாங்கள்தான் அவனைப் புதைச்ச மாதிரி ஆகும். தாய் இன்னும் புதைக்கேல்ல. அவவுக்கு முன்னால நான் மண்வெட்டி எடுக்கமாட்டன். பொறு. அவவாச் சொல்லட்டும்."

"சொல்லாட்டி?"

"எனக்குத் தெரியாது," என்றார் சிஸ்டர். அவர் வாயில் அந்தச் சொல்லை நான் கேட்டது அதுதான் முதல்.

அந்த வருடமே, ஆயுதம் வைத்திருந்தவர்கள் எங்கள் தீவில் இருந்த முஸ்லிம் சனத்தை வெளியேறச் சொன்னார்கள். எருக்கலம்பிட்டிச் சனம் போனது. எங்கள் சந்தியில் கடை வைத்திருந்த பரீதாவின் வாப்பாவும் குடும்பத்தோடு போனார். அவர்கள் போவதைப் பார்த்துக்கொண்டு நின்றோமே தவிர, ஒருவருக்கும் ஒரு வார்த்தை சொல்லத் துணிவு வரவில்லை. அந்த வாங்கில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு இடம் வெறுமையாகக் கிடந்தது. "பரீதா" என்பேன். "வருவாள்" என்பார்கள். "யூட்" என்பேன். "வருவான்" என்பார்கள். யன்னலில் திரேசக்கா இரண்டையும் கேட்டுக்கொண்டு நிற்பார்.

வருடம் திரும்பியது. பிள்ளைகள் இரண்டாம் வகுப்புக்குப் போனார்கள். ஆசிரியர்கள் இல்லாத காலம். "நீதான் இந்தப் பேரைக் கூப்பிடத் தொடங்கினனி, நீயே கொண்டு போ," என்று சிஸ்டர் என்னையும் அந்த வகுப்போடு அனுப்பினார். முதல் நாள் காலையில் திரேசக்கா வழக்கமான யன்னலுக்கு வந்தார். உள்ளே புதுப் பிள்ளைகள். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு அடுத்த யன்னலுக்கு நடந்து வந்தார்.

மூன்றாம் வகுப்பில் மூன்றாவது யன்னல். நான்காம் வகுப்பில் நான்காவது. வெயிலில் நின்று நின்று அவர் முகம் கறுத்துவிட்டது. பிள்ளைகள் வளர்ந்தார்கள். வளர வளர அந்த "வருவான்" சத்தம் இறங்கிக்கொண்டே வந்தது. முதலாம் வகுப்பில் கத்தின பிள்ளைகள் நான்காம் வகுப்பில் நிலத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னார்கள். அவர்களுக்கு விளங்கத் தொடங்கிவிட்டது. விளங்கிக்கொண்டு சொல்வது எவ்வளவு பாரம் என்று ஒவ்வொரு காலையும் நான் கண்டேன். ஐந்தாம் வகுப்பு வந்தபோது எனக்குள் ஒரே பயம். ஆறாவது யன்னல் எங்கள் பள்ளிக்கூடத்தில் இல்லை. இந்தத் தாய் அதற்குப் பிறகு எங்கே போய் நிற்பார்?

அந்த வருடக் கடைசியில் ஒரு புதுப் பிள்ளை வந்தது. சுகந்தி என்று பெயர். கட்டுக்கரைப் பக்கம் வயல் செய்த குடும்பம், இடம்பெயர்ந்து எங்கள் கோயில் வளவில் தங்கியிருந்தார்கள். இடம்பெயர்ந்த பிள்ளைகளால் வாங்குகள் எல்லாம் நிறைந்திருந்தன. பரீதாவின் இடத்தில் கூட, "அவள் வரும் வரைக்கும்தான்" என்று சொல்லி ஒரு பிள்ளையை இருத்தியிருந்தோம். வெறுமையாக இருந்தது ஒரே ஒரு இடம். சுகந்தி போய் அதில் இருந்தாள்.

"எழும்பு, எழும்பு. அது யூட்டின்ர இடம்."

"அவன் எங்க?"

"வருவான்."

"எப்ப?"

ஐந்து வருடமாக அந்தக் கேள்வியை யாரும் கேட்டதில்லை. சுகந்தி எழும்பிப் போய்ச் சுவரோரம் நிலத்தில் இருந்துகொண்டாள். மடியில் கொப்பியை வைத்து எழுதினாள். அவளை வாங்கில் இருக்கச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நிலத்தில் விடவும் மனம் வரவில்லை. யன்னலில் திரேசக்கா அன்று வழக்கத்தை விடக் கூட நேரம் நின்றார்.

இடைவேளையில் சிஸ்டரிடம் ஓடினேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவர் தலையைப் பிடித்துக்கொண்டார். "இடம் போயிடக்கூடாது எண்டு வைச்ச வழக்கம், மெற்றில்டா. இப்ப இடம் இல்லாத பிள்ளை ஒண்டு நிலத்தில இருக்கு. நான் கட்டின முடிச்சு. எனக்கே அவிழ்க்கத் தெரியேல்ல. செபம் பண்ணு."

மறு நாள் காலை. சிஸ்டர் காது பார்க்க எங்கள் வகுப்புக்கு வந்து நின்றார். பெயர் கூப்பிட்டு முடியட்டும் என்று ஒதுங்கி நின்றார். சுகந்தி நிலத்தில் இருந்தாள். நான் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக் கூப்பிட்டு வந்தேன். அந்த வெறும் இடத்தைப் பார்த்தேன்.

"யூட்."

பிள்ளைகள் வாய் எடுக்க முன்னம் யன்னலில் இருந்து சத்தம் வந்தது.

"இல்லை, ரீச்சர்."

மெதுவாகத்தான் சொன்னார். ஆனால் தட்டிக்கு அங்கால் நான்காம் வகுப்பும் அமைதியாகிவிட்டது. எங்கள் பள்ளிக்கூடத்தில் பெயர் கூப்பிடும் நேரத்தில் அந்தச் சொல்லை ஒருவரும் கேட்டதில்லை.

"என்ர பிள்ளை இல்லை," என்றார் திரேசக்கா. யன்னல் கம்பியை இரண்டு கையாலும் பிடித்திருந்தார். "அந்தப் பிள்ளை நிலத்தில இருக்குது சிஸ்டர். அதை எழுப்பி வாங்கில இருத்துங்கோ. இவையளும் பாவங்கள். பெரிய பள்ளிக்கூடம் போற பிள்ளையள், இந்தச் சொல்லைத் தூக்கிக்கொண்டு போகவேண்டாம்."

சிஸ்டர் போய் வாசலைத் திறந்தார். "உள்ளுக்கு வாங்கோ திரேசம்மா."

இத்தனை வருடத்தில் அன்றுதான் அவர் வகுப்புக்குள் வந்தார். அந்த இடத்துக்குப் போய், வாங்கை முந்தானையால் துடைத்தார். ஒரு தரம் துடைத்தால் போதும். அவர் துடைத்துக்கொண்டே இருந்தார். பிறகு சுகந்தியின் கையைப் பிடித்துக் கூட்டி வந்து அதில் இருத்தினார். "இரு பிள்ளை. நல்ல இடம். காத்து வரும்," என்றார்.

அதற்குப் பிறகுதான் அழுதார். என் தோளில் சாய்ந்து ஒரே ஒரு வசனம் சொன்னார்: "என்ர கை விறைச்சுப் போச்சு ரீச்சர். நான் விடேல்ல, கை விறைச்சுப் போச்சு." கடலில் நடந்தது பற்றி அவர் வாழ்நாளில் சொன்னது அவ்வளவுதான்.

சிஸ்டர் முழந்தாளிட்டார். பிள்ளைகளும் முழந்தாளிட்டார்கள். யூட்டுக்காக, இறந்தவர்களுக்குச் சொல்லும் நித்திய இளைப்பாற்றி மன்றாட்டை முதல் முறையாகச் சொன்னோம். சுகந்திக்கு அந்தச் செபம் தெரியாது. கையைக் கூப்பிக்கொண்டிருந்தாள். சிஸ்டர் எழும்பி, ஒருவர் காதையும் பார்க்காமல் போய்விட்டார்.

அந்தக் கிழமையே பூசை நடந்தது. சந்தியோகு அண்ணன் முதல் வாங்கில் இருந்தார். அடக்கம் செய்ய உடல் இல்லாததால் சேமக்காலையில் பெரிய சிலுவையின் அடியில் மெழுகுதிரி வைத்தார்கள். சாகும் வரை ஒவ்வொரு கார்த்திகையும் திரேசக்கா அங்கேதான் கொளுத்தினார். பள்ளிக்கூட யன்னல் பக்கம் பிறகு அவர் வரவே இல்லை.

சிஸ்டரும் போய்ச் சேர்ந்துவிட்டார். சந்தியோகு அண்ணனும் போய்விட்டார். சேமக்காலை மதிலோரம் இதையெல்லாம் கேட்டு முடிந்ததும் பரீதா திரேசக்காவின் புது மண் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

"ரீச்சர், நான் திரும்பி வந்தது அவவுக்குத் தெரியுமா?"

"தெரியும் பிள்ளை. சண்டை முடிஞ்சு உங்கட குடும்பம் சிலாவத்துறையில குடியேறின செய்தியைக் கோயில் வாசலில நான்தான் சொன்னனான். 'ஒண்டெண்டாலும் வந்திட்டுது' எண்டு சொல்லிச் சிரிச்சவ."

பரீதா முக்காட்டால் கண்ணைத் துடைத்தாள். "எழுதுங்க ரீச்சர். வந்தவங்க இருக்கேக்க, வராதவனைப் பத்திப் பொய் சொல்லக்கூடாது," என்றாள்.

எழுதிவிட்டேன். இப்போது எங்கள் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் குறைவு. பெயர் கூப்பிடுகிற முறையும் மாறிவிட்டது. அதற்கு நான் ஒன்றும் சொல்லவில்லை. இதை வாசிக்கிறவர்கள் மற்றவர்களுக்கும் சொல்லுங்கள். என் பெயரை விட்டாலும் பரவாயில்லை. ஆனால் கடலைப் பேச வைக்காதீர்கள். அந்தப் பிள்ளையின் வாயில் "வந்தனான்" என்று போடாதீர்கள். அன்று எங்கள் பள்ளிக்கூடத்தில் கேட்ட சொல் "இல்லை" என்பதுதான். அதைச் சொல்வதற்கு அந்தத் தாய்க்கு ஐந்து யன்னல் தூரம் நடக்க வேண்டியிருந்தது. அதை அப்படியே விட்டுவிடுங்கள்.